கரை தெரிந்தது, இறங்க முடியவில்லை!
கோமகட்டமாரு கப்பலின் சோகக் கதை

கரை கண்ணுக்குத் தெரிகிறது. வீடுகள் தெரிகின்றன. ஆனால் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. 2 மாதம்!

1914-ம் ஆண்டில் நடந்த சம்பவம் இது. கப்பலின் பெயர் கோமகட்டமாரு. அது ஜப்பான் நாட்டுக் கப்பல். அதில் வந்த பயணிகள் 376 பேர். எல்லோரும் இந்தியர்கள். பெரும்பாலோர் பஞ்சாப் சீக்கியர்கள். பலர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள்.

கனடாவுக்குப் போனால் பிழைத்துக் கொள்ளலாம் என்று அவர்கள் நம்பினார்கள். இந்தியாவும் கனடாவும் அப்போது ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. "நாமும் அவருடைய குடிமக்கள்தானே! ஏன் போகக் கூடாது?" என்பது அவர்கள் எண்ணம்.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்த குர்தித் சிங் என்ற சீக்கியர் கப்பலை வாடகைக்கு எடுத்தார். தன் சிறு மகனையும் கூட்டிக் கொண்டார். ஏப்ரல் மாதம் ஹாங்காங்கில் இருந்து கப்பல் கிளம்பியது. மே 23-ந் தேதி கனடாவில் உள்ள வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தந்திரமான விதி

"இறங்காதே!" என்றார்கள் அதிகாரிகள்.

காரணம், 1908-ல் கனடா போட்ட ஒரு விதி. குடியேற வருகிறவர் சொந்த நாட்டிலேயே டிக்கெட் வாங்க வேண்டும். வழியில் எங்கும் தங்காமல் ஒரே பயணமாக வரவேண்டும். படித்தால் நியாயம் போலத்தான் தெரியும். 'இந்தியர்' என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் இந்தியாவில் இருந்து கனடாவுக்கு நேராகப் போகும் கப்பல் ஒன்று கூட இல்லை! அது தெரிந்துதான் விதி போட்டார்கள்.

போதாததற்கு, ஆசியாக்காரர் கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி.

கனடாவில் இடம் இல்லையா? 1913-ல் மட்டும் 4 லட்சம் பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள்.

நிலக்கரி வீச்சு

கப்பலில் சாப்பாடு தீர்ந்தது. குடிதண்ணீர் தீர்ந்தது. வான்கூவரில் இருந்த இந்தியர்கள் மரம் அறுக்கும் ஆலைகளில் பாடுபட்டவர்கள். அவர்கள் காசு சேர்த்துக் கப்பல் வாடகையைக் கட்டினார்கள். வக்கீல் வைத்து வழக்கும் நடத்தினார்கள். ஜூலை 6-ந் தேதி வழக்கு தோற்றது. முன்பே கனடாவில் வசித்த சுமார் 20 பேரை மட்டும் இறங்க விட்டார்கள்.

ஜூலை 19-ந் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். கப்பலைப் பிடிக்க நூற்றுக்கும் அதிகமான போலீசார் இழுவைப் படகில் வந்தார்கள். பயணிகள் சும்மா இருக்கவில்லை. நிலக்கரிக் கட்டிகளை எடுத்து வீசினார்கள். போலீஸ் படகு திரும்பி ஓடியது.

பிறகு வந்தது போர்க்கப்பல்! அதன் பீரங்கிக்கு முன்னால் கரிக்கட்டி என்ன செய்யும்? ஜூலை 23-ந் தேதி கோமகட்டமாரு திரும்பியது. கரையில் ஜனங்கள் திரளாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தாய்நாட்டில் குண்டு

செப்டம்பர் 29-ந் தேதி கப்பல் கல்கத்தா அருகே உள்ள பஜ்பஜ் வந்தது. சொந்த மண்! இங்கேயாவது நிம்மதி கிடைத்ததா? இல்லை. பயணிகளைக் கலகக்காரர்கள் என்று சந்தேகித்தது பிரிட்டிஷ் சர்க்கார். "பஞ்சாபுக்கு ரெயில் நிற்கிறது, ஏறு!" என்று உத்தரவு. பலர் ஏற மறுத்தார்கள். தங்கள் வேத நூலான குரு கிரந்த சாகிப்பைச் சுமந்து கொண்டு கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். அவர்களை வழிமறித்துத் திருப்பினார்கள். மாலையில் கைகலப்பு மூண்டது. துப்பாக்கி வெடித்தது. பயணிகள் 20 பேர் மாண்டார்கள். போலீஸ் தரப்பிலும் சாவு உண்டு. ஏராளமான பேர் சிறைக்குப் போனார்கள்.

குர்தித் சிங் தப்பிவிட்டார். பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார். பிறகு காந்திஜியின் யோசனைப்படி, தானே சரண் அடைந்து சிறை சென்றார்.

கனடாவின் விதி 1947-ல்தான் ஒழிந்தது. 2016-ம் ஆண்டு மே 18-ந் தேதி, அந்நாட்டுப் பிரதமர் ட்ரூடோ பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். 102 ஆண்டுக்குப் பிறகு!

பஜ்பஜ்ஜில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1952-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அந்த ஊர் ரெயில் நிலையத்துக்கும் கப்பலின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'கோமகட்டமாரு பஜ்பஜ்' என்பது இப்போது அதன் பெயர்.