பழைய கணினியும் பழுதுற்ற உலாவியும்

பால்மரத்தின் பட்டையில் நோய் கண்டால் மருந்திடுவோமேயன்றி, மரத்தையே வெட்டிச் சாய்ப்பதில்லை. இணையப் பக்கம் திறக்கவில்லை என்பதற்காக வீட்டிலுள்ள பழைய கணினியை ஒதுக்கிவிடுதலும் அத்தகைய வீண் இழப்பேயாகும். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பாடங்கள் இணைய வழியே வந்ததை நாம் மறப்பதற்கில்லை.

இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளே உலாவி. ஃபயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் ஓரிடத்திலும், நம் பக்கக்குறிகள், கடவுச்சொற்கள், அமைப்புகள் ஆகியன வேறொரு கோப்புறையிலும் இருக்கும். பழுது பின்னதில் இருப்பின், மென்பொருளை மட்டும் நீக்கி மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

முதற்கண், கணினியின் தேதியைச் சரிபார்த்தல் வேண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தளர்ந்து தேதி பிழையானால், பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்க மறுக்கும். தேதி சரியெனில், ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே உலாவியைத் திறக்க வேண்டும். துணைநிரல்களின்றித் திறக்கும் வழி அங்குத் தோன்றும். அவ்வாறு நன்கு இயங்கின், பழுது துணைநிரலில் இருக்கக்கூடும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் நலம். இயங்காவிடின், அங்குள்ள புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தலாம். பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் எஞ்சும், துணைநிரல்கள் நீங்கும். எனினும், கடவுச்சொற்களை முன்னரே குறித்துவைத்தல் அறிவுடைமை.

விண்டோஸ் 7 கணினிக்கு ஃபயர்பாக்ஸ் 115ஆம் பதிப்பே இறுதியானது. ஆதலின் அதில் பாடம் பயிலலாம். வங்கிக் கணக்கைத் திறத்தல் தகாது.

மாணவச் செல்வங்களே! பெற்றோரை அருகில் அமர்த்தி இவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். பழுதின் காரணம் அறிந்தோர் வீணே பொருளிழக்க மாட்டார்.