கடல் கடந்த நாட்களும் குடியுரிமைக் கணக்கும்

ஒருவர் ஒரு நாட்டின் குடியாவதற்குப் பிறப்பும் வம்சமும் வழிகள் என்பதை யாவரும் அறிவர். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதுவே வாசம். வந்த நாட்டில் இத்தனை ஆண்டுகள் தங்கி வாழ்ந்தவரை அந்நாடு தன் குடியாக ஏற்கலாம் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. கொள்கை எளிது; கணக்கே கடினம். தங்கி வாழ்தல் என்றால் ஒரு நாளும் எல்லையைத் தாண்டாதிருத்தலா? நோயுற்ற தாயைக் காணப் போன ஒரு மாதம் வாசத்தைக் குலைக்குமா? பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆறு மாதம்? இவ்வினாக்களுக்கு நம் நாட்டுச் சட்டம் தரும் விடையையும், இதே கணக்கு ஒரு காலத்தில் நம் இனத்தார் பல இலட்சம் பேரின் வாழ்வை நிர்ணயித்த விதத்தையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

புனேயிலிருந்து நாசிக் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள போசரியிலிருந்தே தொடங்கலாம். இன்று அது கடைசல் பட்டறைகளும் உதிரி உறுப்புத் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழிற்பேட்டை. அதற்கு அண்மையிலுள்ள பிம்ப்ரியில், தேசப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். அத்தகையோருக்காக நம் அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு ஒரு தேதியைக் குறித்தது. 1948 ஜூலை 19-க்கு முன் வந்து, அன்று முதல் இங்கேயே வாசம் செய்தவர் குடிமகனாகக் கருதப்பட்டார். அத்தேதிக்குப் பின் வந்தவரோ, ஆறு மாத வாசத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 7-ஆவது பிரிவு இதற்கு மறுபுறம். 1947 மார்ச் முதல் தேதிக்குப் பின் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர், மீண்டும் குடியேற அனுமதிச் சீட்டுப் பெற்றுத் திரும்பினாலன்றி, இந்தியக் குடிமகன் ஆகார். குடிபெயர்தல் எது, வெறும் பயணம் எது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிரந்தரமாகத் தங்கும் கருத்து இருந்தாலன்றி அது குடிபெயர்தல் ஆகாது என்று முதலில் கூறப்பட்டது. 1966-ஆம் ஆண்டில், கேரளத்தைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் நீதிமன்றம் அக்கருத்தை மாற்றியது. குறுகிய காலத்துக்கு, ஒரு குறிப்பிட்ட காரியமாகப் போய்வருவது குடிபெயர்தல் ஆகாது. மற்றப்படி, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லாவிடினும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போவது குடிபெயர்தலே என்பது அத்தீர்ப்பின் சாரம். போனவர் எதற்காகப் போனார் என்ற கேள்விக்கு அங்கே ஓரளவேனும் இடம் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில், வேறு சில நாடுகளில் உள்ளதுபோல், குடியேறுவோர் யாவருக்கும் பொதுவான நிரந்தரவாசிப் பட்டம் கிடையாது. நீண்டகால விசாவில் இருப்பவரும், இந்தியரை மணந்து இங்கே வாழும் அயல்நாட்டவரும் அந்நிலைக்கு நெருங்கியவர்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, இந்திய வம்சாவளியினரும் இந்தியரின் கணவன் அல்லது மனைவியும் ஏழாண்டு வாசத்தின் பேரில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 1955-இல் இந்திய வம்சாவளியினருக்கு ஆறு மாத வாசமே போதுமானதாயிருந்தது. 1986-இல் அது ஐந்து ஆண்டாயிற்று. பின்னர் ஏழாண்டாக உயர்ந்தது. இந்த ஏழாண்டு இரு கூறுகளைக் கொண்டது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்கள் முழுவதும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். வம்சாவளித் தொடர்போ மணத் தொடர்போ இல்லாதவர் இயல்புரிமை பெற வேண்டுமானால் கணக்கு இன்னும் நீளும்: இறுதி 12 மாதங்கள், அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு மட்டும் அந்தப் பதினொன்றை ஐந்தாகக் குறைத்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். போசரியில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் திருச்சி மாவட்டத்துக்காரர், இலங்கை மலைநாட்டு அட்டனில் பிறந்த ஒரு பெண்ணை மணந்து, 2015 ஜூன் மாதத்தில் அழைத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வம்மையார் 2018-இல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று ஏழு மாதம் இருந்தார். பின்னொரு முறை தந்தையின் நோய்க்காக ஒரு மாதம் போனார். 2024 ஜூனில் விண்ணப்பிப்பதானால், 2015 ஜூன் முதல் 2023 ஜூன் வரையிலான எட்டு ஆண்டுகளில் அவர் வெளியே இருந்தது எட்டு மாதமே. சட்டம் இரண்டு ஆண்டுகள் வரை இடந்தருவதால் அதனால் பாதகம் இல்லை. ஆனால் 2024 ஜனவரியில் தங்கையின் திருமணத்துக்கு 20 நாள் போய்வந்தாரென்றால் செய்தி வேறு. எட்டு மாதம் கெடுக்காததை இந்த இருபது நாள் கெடுத்துவிடும். இறுதி 12 மாதங்களில் இடைவெளி விழுந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஒரு பரிகாரம் வைத்தது. விசேஷக் காரணம் உண்டென்று மத்திய அரசாங்கம் கருதினால், அதை எழுத்தில் பதிந்து, மொத்தம் 30 நாள் வரை மன்னிக்கலாம். அந்த நாட்கள் ஒரே தொடராக இருக்க வேண்டியதில்லை. தங்கையின் திருமணம் விசேஷக் காரணமாகுமா என்பது அரசாங்கத்தின் முடிவு. அவர் 40 நாள் இருந்திருந்தாலோ மன்னிப்புக்கே வழியில்லை. திரும்பிவந்த நாளிலிருந்து மீண்டும் 12 மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுச் சலுகை, வந்து ஏழே ஆண்டுகள் ஆனவருக்குப் பயன்படாது. எட்டு ஆண்டுக் கணக்கில் அவர் வருவதற்கு முந்திய காலமே சலுகையைத் தின்றுவிடுகிறது. அவர் எஞ்சிய ஆறாண்டில் ஒரு மாதம் வெளியே இருந்தாலும் ஒரு மாதம் பிந்தியே விண்ணப்பிக்க முடியும். ஒன்பது ஆண்டுகள் நிறைந்தவருக்குத்தான் சலுகை முழுமையாகக் கைகூடும். ஆகவே, விண்ணப்பம் எழுதும் முன் கடவுச்சீட்டிலுள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளை வரிசையாகக் குறித்துக் கூட்டிப் பார்ப்பது நலம். காலாவதியான பழைய கடவுச்சீட்டுகளையும் எறிந்துவிடலாகாது.

முத்திரையும் கடவுச்சீட்டும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. மேலே சொன்ன அட்டன் பெண்ணின் பாட்டன்மார் வாழ்ந்த காலம் அது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழருள் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவர் ஆக்கியது. அவர்களுக்கென 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் என்ற தனிச் சட்டம் வந்தது. அதன் அச்சாணி தொடர் வாசம். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவரும் துணையை இழந்தவரும் பத்தாண்டும் இலங்கையில் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். அத்தேதி முதல் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் அவ்வாறே. எந்த ஒரு பயணமும் 12 மாதத்துக்கு மேற்படாவிட்டால் தொடர்ச்சி குலையாது என்ற சலுகையும் இருந்தது. காகிதத்தில் படிப்பவருக்கு இது தாராளமாகவே தோன்றும். வருடம் ஒன்று போதாதா என்று கேட்கவும் தோன்றும்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். ஏழாண்டு என்று சட்டம் குறித்த காலம் 1939 ஜனவரியில் தொடங்குகிறது. அதே 1939-இல்தான் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதற்குத் தடை விதித்தது. பின்பு போர் வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அச்சத்தால் பலர் பெண்டு பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பினர். போரில்லாக் காலத்திலும் போக்குவரத்து ஓயவில்லை. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில். காதுகுத்தும் முடியிறக்கலும் குலதெய்வத்தின் சந்நிதியில். பெரியவர் மறைந்தால் கருமாதிக்குப் போயாக வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு ஊர்ப் பள்ளியில் படிக்கவைத்தவர்களும் உண்டு. போனவர் காய்ச்சலில் விழுந்தாலோ, கப்பல் கூலிக்குக் காசு சேராவிட்டாலோ, பத்து மாதம் பதின்மூன்று மாதமாகிவிடும். சட்டம் பதின்மூன்றைக் கண்டதே தவிர, காய்ச்சலைக் காணவில்லை.

இன்னொரு முடிச்சு குடும்பத்தைப் பற்றியது. கணவன் விண்ணப்பித்தால் அவன் வாசம் மட்டும் போதாது. மனைவியும் வயது வராத மக்களும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்தமையையும் காட்டவேண்டும். இருபது ஆண்டு கொழுந்துக்கும் ரப்பர்ப் பாலுக்கும் இடையே கழித்தவன், மனைவி பிறந்தகத்தில் தங்கிய மாதங்களால் தகுதி இழக்க நேரிட்டது.

நிரூபிக்கும் பாரமும் விண்ணப்பித்தவர் தலைமேல் விழுந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலேறிய தொழிலாளியிடம் இருந்தது பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டும், மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகக் காத்திருந்த நினைவுமே. சான்று வேண்டுமென்றால் செக்ரோல் எனப்படும் தோட்டப் பேரேட்டைத்தான் நாடவேண்டும். அதில் ஒரு தோட்டத்தில் முத்தையா என்றிருந்த பெயர், அடுத்த தோட்டத்தில் முத்து என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்பதை யார் நிறுவுவது? தோட்டம் மாறிய காலத்தில் ஏடு காணாமற் போயிருந்தால் அவ்வாண்டுகள் வாழப்படாத ஆண்டுகளே ஆயின.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின் மனம் மாறி மக்களை விண்ணப்பிக்கச் செய்தது. 1951 ஆகஸ்டில் கெடு முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில், குவிந்திருந்தன. 1964 வரை பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், வாக்குரிமை பறிபோனதால் 1952-இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. எல்லா நிராகரிப்புக்கும் பயண நாட்களே காரணம் என்று நாம் கூறவில்லை. வருமானம், ஆவணம் என வேறு தடைகளும் இருந்தன. அரசியல் நோக்கமும் இருந்தது. ஆயினும், ஒரு சமூகத்தின் பழக்கவழக்கத்தை நன்கறிந்து, அப்பழக்கமே தடையாகும்படி ஓர் அளவுகோலை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எஞ்சியோரின் கதையை நேயர்கள் அறிவர். 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

நாட்களை எண்ணுவதே தவறு என்பது நம் கருத்தன்று. எண்ணாவிட்டால் அதிகாரியின் விருப்பு வெறுப்பே அளவுகோலாகிவிடும். இன்று ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் இவ்விரு முறைகளும் சோதித்துப் பார்க்கப்பட்டன. 1978-இல் அந்நாட்டு நீதிமன்றம், வெளிநாட்டில் படிக்கப் போன ஒருவரின் இல்லமும் வாழ்வின் மையமும் கனடாவிலேயே இருந்ததால் அவர் வாசம் குலையவில்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின், சில நீதிபதிகள் வாழ்வின் மையத்தைத் தேடினர். சிலர் நாட்களை மட்டும் எண்ணினர். ஒரே மாதிரியான வழக்குக்கு நீதிபதியைப் பொறுத்து முடிவு மாறியது. இறுதியில், உடலால் அங்கே இருந்த நாட்களே கணக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. 2017 முதல், விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இருந்தால் போதும். நிரந்தரவாசி ஆகுமுன் சட்டப்படி தங்கிய நாட்களும் அரை நாளாக எண்ணப்பட்டு 365 நாள் வரை சேரும். அங்கே எண்ணிக்கை கண்டிப்பானது. ஆனால் ஐந்தில் இரண்டு ஆண்டுகளை எக்காரணம் கொண்டும் வெளியே கழிக்கலாம். காரணம் கேட்காத சட்டம் அந்த அளவுக்கேனும் இடம் விடுவது முறை என்று நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டின் 30 நாள் மன்னிப்பு இதனோடு ஒப்பிட மிகக் குறுகியது. ஒரு பிரசவத்துக்கும் போதாது.

இலங்கையிலும் அளவுகோல் பின்னர் மாறியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. ஏழாண்டு, பத்தாண்டு, மனைவியின் மாதங்கள் என்ற பழைய வினாக்கள் மறைந்தன. எனினும், நிரந்தரமாக வாழ்ந்துவந்தவர் என்ற சொற்றொடருள் பழைய சிக்கல் ஒளிந்திருந்தது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் அதன்பின் நடந்த போருக்கும் அஞ்சித் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்த மலையகத்தார் நிலை என்ன? முன்னாளில் தொழிலாளர் கப்பலுக்குக் காத்திருந்த அதே மண்டபத்தில் இப்போது அகதி முகாம். அங்கே கழிந்த ஆண்டுகள் இலங்கை வாசத்தைக் குலைத்தனவா? 2009-இல் சட்டம் திருத்தப்பட்டு, கலவரத்தால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து இந்தியாவில் தங்கியவரும் உரிமைக்கு உரியவராயினர். போனவர் ஏன் போனார் என்று அச்சட்டம் அறுபது ஆண்டு கழித்துக் கேட்டது.