8 நிமிஷத்தில் ரெடி! 'பாரசைட்' பட மாட்டுக்கறி நூடுல்ஸ் வீட்டிலேயே செய்யலாம்

2020-ல் சிறந்த படம் உள்பட 4 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது கொரிய படம் 'பாரசைட்'. அதில் பணக்கார வீட்டு எஜமானி காரில் வந்துகொண்டே வேலைக்காரிக்கு போன் போடுவார். "8 நிமிஷத்தில் வந்துடுவோம், நூடுல்ஸ் செஞ்சு வை, பிரிட்ஜில் இருக்கிற மாட்டுக்கறியையும் போடு" என்பது உத்தரவு. அந்த நூடுல்ஸ் பெயர்தான் சாபகுரி.

இதில் என்ன விசேஷம்?

சாபகெட்டி, நியோகுரி என்ற 2 பாக்கெட் நூடுல்ஸை ஒன்றாகக் கலந்தால் சாபகுரி. முதலாவது கறுப்பு பீன்ஸ் மசாலா. அடுத்தது கடல் உணவு வாசனையுடன் காரமான தடி நூடுல்ஸ். 2013-ல் கொரிய டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஒரு அப்பா குழந்தைகளுக்கு இதை செய்து கொடுக்க, நாடு முழுக்க பிரபலமானது.

சாதாரண ஜனங்கள் சாப்பிடும் மலிவு அயிட்டம் இது. அதன் மேல் 'ஹன்வூ' என்கிற விலை உயர்ந்த நாட்டு மாட்டுக்கறியைப் போட்டதுதான் டைரக்டர் போங் ஜூன் ஹோ வைத்த குத்தல். ஏழை வீட்டு நூடுல்ஸ்கூட பணக்காரர் தட்டுக்குப் போகும்போது வேஷம் மாறிவிடுகிறது! கடைசியில் பையன் சாப்பிடாமல் போக, எஜமானியே உட்கார்ந்து சாப்பிடுவார்.

தேவையானவை (2 பேருக்கு)

சாபகெட்டி 1, நியோகுரி 1, மாட்டுக்கறி 200 கிராம், எண்ணெய் 1 ஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம். சென்னையில் உள்ள கொரிய மளிகைக் கடைகளில் இந்த பாக்கெட்டுகளைக் கேட்டுப் பாருங்க.

செய்முறை

நம்ம ஊர் கறி சீக்கிரம் வேகாது. அதனால் கடையில் 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்குங்க. சின்ன துண்டுகளாக வெட்டி, ஈரத்தை நல்லா துடைக்கணும். ஈரம் இருந்தா கறி வறுபடாது, வெந்துதான் போகும்.

வாணலியை நன்றாக சூடாக்கி, கறியைப் பரப்பி, மிளகு தூவி, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுங்க. உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேகட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீரை கொதிக்க வைத்து, 2 நூடுல்ஸையும் காய்கறி பொட்டலத்தையும் போட்டு 4 நிமிஷம் வேக விடுங்க.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. தண்ணீரை மொத்தமா வடிச்சிடாதீங்க! சுமார் 150 மி.லி. மிச்சம் இருக்கட்டும். அதில்தான் மசாலா கரைந்து நூடுல்ஸில் ஒட்டும்.

சாபகெட்டி மசாலாவை முழுசாகவும், நியோகுரி மசாலாவை பாதியும் போட்டு, சிறு தீயில் 1 நிமிஷம் கிளறுங்க. கறியைச் சேர்த்து, பொட்டலத்தில் உள்ள எண்ணெயை ஊற்றி இறக்கினால் முடிந்தது. தனியா உப்பு வேண்டாம்.

உஷார்!

பாதி மசாலா என்பது காரத்துக்காக மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இதுபோன்ற ஒரு பாக்கெட்டில் 1 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். அதாவது இரண்டரை கிராம் உப்புக்கு மேல்! பி.பி. உள்ளவர்கள், குழந்தைகள் தினமும் சாப்பிடும் சமாசாரம் அல்ல இது.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கோழி, காளான் சேர்க்கலாம். ஆனால் மசாலாவிலேயே இறைச்சி, மீன் சாறு கலந்திருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்க.