ஹெல்சிங்கி – டோக்கியோ: மாறாத தொலைவும் மாறும் நேரமும்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே உள்ள வான்தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். இது பெருவட்டத் தொலைவு எனப்படும். அதாவது, பூமியின் மையத்தின் ஊடே செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டத்தின் வழியே அளந்த தொலைவு. உருண்டையின் மேல் இரு இடங்களை இணைக்க இதைவிடக் குறுகிய பாதை கிடையாது. நிலப்படத்தில் டோக்கியோ தென்கிழக்கில் தெரிந்தாலும், இப்பாதை முதலில் வடகிழக்காக ஏறி, ரஷ்யாவின் வடபகுதியில் ஆர்க்டிக் வட்டத்தையும் சற்றே தாண்டிய பிறகுதான் தெற்கு நோக்கி வளைகிறது.

இத்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் என்பதால், பள்ளிக் கணக்கின்படி ஒன்பது மணிக்கும் குறைவான நேரமே வரவேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்தால் அது ஒன்பதரை மணியாகும். 2022-இன் தொடக்கம் வரை பயண நேரம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக, தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி விரைந்தோடும் ஜெட் காற்றோட்டம் எதிர்ப்படுவதால், திரும்பும் பயணம் மட்டும் வழக்கமாகச் சற்று நீண்டது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஆசியாவுக்கான குறுக்குவழியையே தன் வணிகத்தின் அடித்தளமாகக் கொண்டிருந்த ஃபின்ஏர் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருந்திருக்க முடியாது. இப்போது அதன் விமானங்கள், அன்றைய காற்றின் போக்கைப் பொறுத்து, துருக்கி, மத்திய ஆசியா வழியாகத் தெற்கே சுற்றியோ, வட துருவத்தையும் பெரிங் நீரிணையையும் கடந்தோ செல்கின்றன. துருவ வழி 10,000 கிலோமீட்டரையும் தாண்டுவதால், பயணம் சுமார் 13 மணி நேரம் பிடிக்கிறது.

துருவ வழியின் சிக்கல் நீளம் மட்டுமன்று. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் பழுதானாலும் மற்றொன்றின் துணையால் குறித்த நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆர்க்டிக் கடல்மேல் அத்தகைய நிலையங்கள் மிகச் சிலவே. ஜெட் எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் என்றிருக்க, துருவ வான்வெளியின் குளிர் அதற்கும் கீழே போகக்கூடும் என்பதால், விமானிகள் தொட்டியின் வெப்பநிலையைக் கண்காணித்தபடியே பறக்கின்றனர். காந்தத் திசைகாட்டியையும் அங்கே நம்ப முடியாது.

ஃபின்ஏருக்கு இவ்வழி புதிதன்று. பனிப்போர்க் காலத்தில், சோவியத் ஒன்றியம் தன் வான்வெளியை மேலை நாட்டு விமானங்களுக்கு எளிதில் திறந்துவிடாதிருந்தபோது, அந்நிறுவனம் 1983-இல் டிசி-10 விமானத்தைக் கொண்டு, எங்கும் இறங்காமல் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்குச் சேவையைத் தொடங்கியது. அன்றும் ஏறத்தாழ 13 மணி நேரமே ஆயிற்று. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் விமானத்தின் எரிபொருள் செலவு பெரிதும் குறைந்தாலும் வேகம் கூடிவிடவில்லை என்பதால், பாதை பழையபடி ஆனதும் நேரமும் பழையபடி ஆயிற்று. தடை பொருந்தாத சீன நிறுவனங்களின் விமானங்களோ, இன்றும் ரஷ்யாவின் மேலாகவே ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே பறக்கின்றன.