மழைக்காலமே புத்தகக்காலம்

தேக்காக் குறிப்புகள் – 12

சென்ற வாரம் பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் கொஞ்சம் ஒதுங்கி நிற்போம். காரணம் மழை.

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. அந்த இடத்தை வடகிழக்குப் பருவமழை நிரப்புகிறது. ஆண்டிலேயே அதிகம் நனைவது டிசம்பர் மாதம்தான். சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடும். இந்தத் தீவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி, 1989 பிப்ரவரி 14 அன்று. ஆனால் அடைமழை இரண்டு நாள் விடாமல் பிடித்து, பாதரசம் 22-க்கு இறங்கினாலே தேக்காவில் ஸ்வெட்டர்கள் வெளியே வந்துவிடும். தேநீர்க் கடை வரிசை நீளும்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, பொங்கல் கூட்டம் இன்னும் தொடங்காத இடைவெளி இது. நவம்பர் பாதியிலிருந்து பள்ளி விடுமுறை. பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். சீனிவாசப் பெருமாள் கோயிலில் மார்கழி விடியற்காலை வழிபாடு நடக்கும். கடைகளில் தினத்தாள் நாட்காட்டிகளும் புத்தாண்டு ராசிபலன் புத்தகங்களும் தொங்கத் தொடங்கும். பூசைப் பொருளுக்கும் வார இதழ்களுக்கும் நடுவே ஓர் அடுக்கில் சமையல் குறிப்பு, கந்த சஷ்டி கவசம், சில நாவல்கள். தேக்காவில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் இப்படித்தான் குடியிருக்கிறது. நகைக்கும் துணிக்கும் சாப்பாட்டுக்கும் தெரு முழுக்கக் கடைகள் இருக்கின்றன. தமிழ் நூலுக்கென்றே ஒரு கடையைத் தேடினால் கால் வலிக்கும்.

கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு; பத்தாண்டுக்கு முன் அது 3.3. அவர்களில் புத்தகம் வாங்குபவர் எத்தனை பேர்? சிராங்கூன் சாலை வாடகையை அந்தக் கூட்டம் தாங்காது. தமிழைவிடப் பெரிய சந்தை உள்ள கடைகளே தடுமாறுகின்றன. ஹாலந்து வில்லேஜில் தமிழ்க் குடும்பம் ஒன்று தலைமுறைகளாக நடத்திவந்த 'தம்பி' பத்திரிகைக் கடை 2024 மே மாதம் மூடியது. அதை நாடி வந்தவர்கள் எல்லா இனத்தாரும்.

அப்படியானால் இங்கே வெளிவரும் தமிழ் நூல்கள் யார் கைக்கு, எப்படிப் போகின்றன? கூட்டத்தின் வழியாக. ஆண்டிறுதி வார இறுதிகளில் நூலக அரங்குகளிலும் சமூக மன்றங்களிலும் நூல் வெளியீடுகள் நடக்கும். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் சென்னையில் அச்சாகி வந்த பிரதிகள். முதல் பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு உறவினரும் நண்பரும் சக எழுத்தாளரும் வரிசையில் வந்து, கல்யாண வீட்டு மொய்யைப் போல உறையை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு நூலோடு படம் எடுத்துக்கொள்வார்கள். விலை சில வெள்ளிதான் இருக்கும், உறைக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். விற்பனை என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அச்சுக்கூலி பெரும்பாலும் அந்த ஒரு மாலையில்தான் திரும்பி வருகிறது.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தொடக்கத்திலிருந்தே இங்கே தமிழ் அச்சு நின்றது ஆள்களின் தோளில்தான். 1887-ல் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். அது 1890 வரை வந்தது. அதே 1887-ல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சி.ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' வெளியானது. அது முருகன்மீது பாடப்பட்ட நூல்; அச்சிட்டது மகுதூம் சாயபுவின் தீனோதய அச்சகம். சைவப் புலவரின் பாட்டு முஸ்லிம் பத்திரிகையாளரின் இயந்திரத்தில் ஏறியதை வெறும் நல்லிணக்கக் கதையாக மட்டும் படிக்க வேண்டாம். சிறிய ஊரில், சிறிய வாசகர் கூட்டத்தில், ஒருவர் இன்னொருவரை விட்டால் புத்தகமே கிடையாது.

இந்தப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் கோ. சாரங்கபாணி. 1935-ல் 'தமிழ் முரசு' தொடங்கியவர், 1952-ல் பொங்கலை ஒட்டித் 'தமிழர் திருநாள்' என்று ஒரு விழாவைத் தொடங்கினார். சாதியும் சமயமும் பாராமல் எல்லாத் தமிழரும் கூட வேண்டும் என்பது நோக்கம். கட்டுரை, கவிதை, பேச்சுப் போட்டிகள் என்று அந்த மழை மாதம் இலக்கிய மாதமாகவே மாறியது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடமும் நூல்களும் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது சாதாரணத் தொழிலாளர்களும் காசு கொடுத்தார்கள். வாசகரை ஓரிடத்தில் கூட்டிவிட்டால் புத்தகம் தானாக வந்து சேரும் என்று அவர் நம்பினார். இன்றைய கவிமாலை, கதைக்களம், வாசகர் வட்டம் ஆகிய இலக்கியக் கூட்டங்கள் மாதந்தோறும் செய்வது அதே வேலைதான்.

பொங்கல் நெருங்கும்போது இன்னொரு வழியும் திறக்கிறது: சென்னைப் புத்தகக் காட்சி. 1977-ல் தொடங்கிய அந்தக் காட்சிக்கென்றே விடுப்பு எடுப்பவர்கள் இங்கே உண்டு. ஊரிலிருந்து திரும்பும் பெட்டியில் முறுக்கும் அப்பளமும் போக மீதி எடை புத்தகத்துக்கு. சுங்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பயணி கொண்டுவரும் புதிய பொருள்களில் 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி இல்லை. ஆனால் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டப்படி பார்த்தால், குடியுரிமை உள்ளவரின் பெட்டியில் வரி இல்லாமல் வரும் அதே புதிய நாவலுக்குக் கட்டுமானத் தொழிலாளியின் பெட்டியில் 9 விழுக்காடு வரி. நடைமுறையில் இரண்டு நாவலுக்காக யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் யாரை வாசகராக நினைக்கிறோம் என்ற கேள்வியை அந்த விதி எழுப்பிவிடுகிறது.

தேக்காவில் தமிழ் பெருகி ஓடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் என்று ஊர்வாரியாகத் தொழிலாளர்கள் கூடும் நாள். மழை பெய்தால் திடல்கள் காலியாகி, அஞ்சடிகளிலும் புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் நெருக்கியடித்து நிற்பார்கள். 2023 மே மாதத்துக்கு முன்பு சில காலம், விடுதிவாசிகள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவே முன்கூட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நம் நூல் வெளியீட்டு அழைப்பிதழ் போனதில்லை; இன்றும் போவதில்லை. நம் அரங்குகளுக்கு உறவினர் வருகிறார்கள், எழுத்தாளர் வருகிறார்கள். விழா முடிந்ததும் மீதிப் பிரதிகள் வீவக வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் அடங்கிவிடுகின்றன.

வங்காளத் தொழிலாளர்கள் இதில் நம்மை முந்திவிட்டார்கள். 2011-ல் ரோவல் சாலையில் திறக்கப்பட்ட 'திபாஷ்ரம்' என்ற இடத்தில் பாட்டும் கவிதையும் புத்தகமுமாகக் கூடினார்கள். 2014-ல் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி அவர்களோடுதான் தொடங்கியது; அடுத்த ஆண்டு மற்ற மொழிகளுக்கும் திறந்தபோது பரிசு பெற்றவர்களில் தமிழரும் ஒருவர். எழுதுகிறவர் இருக்கும் இடத்தில் வாசிக்கிறவரும் இருப்பார் அல்லவா?

ஒரு மேசை போதும். டிசம்பர், ஜனவரி ஞாயிறுகளில் மட்டும், ஏதாவதொரு கடையின் கூரை ஓரத்தில். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டிகளை இறக்கி, பாதி விலைக்கு வைக்கலாம். எழுதியவர்களே முறை போட்டு உட்காரலாம். சாரங்கபாணி காலத்தில் கூட்டத்தைத் திரட்ட விழா எடுக்க வேண்டியிருந்தது. இன்று கூட்டம் தானாகவே வந்து நிற்கிறது, மழை விடும்வரை வேறெங்கும் போகவும் போவதில்லை. புத்தகத்தைத்தான் நாம் இன்னும் கொண்டுபோகவில்லை.

அடுத்த வாரம் கேம்பல் லேனுக்குப் போவோம். பொங்கலுக்கு மாடுகள் வந்து நிற்கும் தெரு அது.