குறுக்கே வீசும் காற்று

காற்றுக் காலத்திலே குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளத்திற் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வள்ளமோட்டி அணியத்தை இறங்குதுறைக்கு நேராக வைப்பதில்லை. காற்று வரும் பக்கமாகச் சற்றே திருப்பி வைக்கின்றார். வள்ளம் ஒரு திசையை நோக்கிக்கொண்டு வேறொரு திசையிற் செல்கின்றது. ஆயினும் துறையைத் தவறாது அடைகின்றது.

குறுக்குக் காற்றில் இறங்கும் விமானியும் இதையே செய்கின்றார். நண்டு பக்கவாட்டில் நடப்பதுபோல விமானம் முகங்கோணி இறங்கி வரும். மேனாட்டு விமானிகள் இதற்கு நண்டின் பெயரையே இட்டிருக்கின்றனர், பொருத்தமான பெயர்தான்!

ஆனால் வள்ளத்துக்கு இல்லாத சங்கடம் ஒன்று விமானத்துக்கு உண்டு. அதன் சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும். கோணிய முகத்தோடு தரையைத் தொட்டால் சக்கரக் கால்கள் முறியலாம். அல்லது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் பாயலாம். ஆகவே, நிலத்தைத் தொடுமுன் விமானி வாற்சுக்கானை மிதித்து முகத்தை நேராக்குகின்றார். அதே வேளையிற் காற்று வரும் பக்கத்துச் சிறகைத் தாழ்த்துகின்றார். இல்லையேல் காற்று அவரை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஒரு பக்கச் சக்கரம் முதலிற் படியும். மற்றையது பின்னரே படியும். பயணிகளுக்கு இது பிழையான இறக்கமாகத் தோன்றலாம். உண்மையிற் செம்மையான இறக்கம் இதுவே.

சிறு விமானங்களுக்கே இதில் அபாயம் அதிகம். செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானம் முழுப் பாரத்தோடும் ஏறக்குறைய 1,100 கிலோதான். மணிக்கு ஏறத்தாழ 65 கடல் மைல் வேகத்தில் அது இறங்க வரும். அதைச் செய்தவர்கள் சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்று 15 கடல் மைல்.

வாலிலே சக்கரமுள்ள விமானங்கள் இன்னும் பொல்லாதவை. பாரத்தின் மையம் பெருஞ் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சிறிது திரும்பினாலும் அத்திருப்பம் வளர்ந்து, விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். 1947 டிசம்பர் 10 ஆந் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த எயர் சிலோனின் முதல் டக்கோட்டாவும் அவ்வகையினதே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரித்தானிய விமானப் படை அமைத்த பலாலித் தளம் 2019 இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. அதன் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கின்றது. 05, 23 என்னும் அதன் இலக்கங்கள் 50, 230 பாகைகளைக் குறிப்பன. எனவே, தென்மேற்கிலிருந்து வரும் சோழகமும் வடகிழக்குப் பருவக் காற்றும் பெரும்பாலும் பாதையின் நீளவாக்கிலேயே வீசும். எதிர்க் காற்று பொதுவாக விமானிக்கு நண்பனே. நேர் மேற்கிலிருந்து 20 கடல் மைல் வேகத்திற் கச்சான் அடித்தாலோ, அதில் ஏறக்குறைய 13 கடல் மைல் குறுக்கே தாக்கும். வடமேற்கிலிருந்து அடித்தால் அநேகமாக இருபதும் குறுக்கேதான்.

முகம் நேராகாவிடின் விமானி இயந்திரத்தை முடுக்கி மீண்டும் மேலெழுந்துவிட வேண்டும். கீழே பூமாலையோடு காத்து நிற்கும் உறவினர் பதறுவார்கள், விமானி வெட்கப்படலாம். எப்படியும் இறங்கியே தீருவேன் என்னும் பிடிவாதத்தையே நாம் காற்றினும் கொடிதென்போம். மற்றொரு நிலையத்துக்குப் போகப் போதிய எண்ணெய் தாங்கியில் இருந்தால், மேலெழும் அந்த முடிவு எளிதாகும். அந்தக் கணக்கைப் புறப்படுமுன்னரே அவர் போட்டிருக்க வேண்டும்.