விண்ட் டனலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மாலை நடை போகிறவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தால், பாதிக்குமேல் கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் ரேங்க்தான். இங்குள்ள பிள்ளைகளுக்கு ஏரோஸ்பேஸ் ஆசை வருவதில் வியப்பில்லை. சில கிலோமீட்டரில் விமானம் கட்டும் ஹெச்.ஏ.எல்.லின் ஓடுதளம்; 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் போர்விமானம் முதன்முதலாகப் பறந்தது அங்கிருந்துதான். ஐ.ஐ.டி. எட்டவில்லை, பெரிய கல்லூரிகளிலும் இடமில்லை என்று ஆனபிறகுதான் வீட்டில் வாக்குவாதம் தொடங்குகிறது: பேர் தெரியாத சின்னக் கல்லூரியில் சேர்ப்பதா?

சேர்க்கலாம் என்பதே என் கட்சி. எல்லாச் சின்னக் கல்லூரியிலும் அல்ல.

1954-ல் அப்துல் கலாம் சேர்ந்தபோது குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு வயது ஐந்து. சி.ராஜம் தன் வீட்டை விற்றுத் தொடங்கிய தனியார் கல்லூரி அது. பாடப்பிரிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டணத்துக்காகக் கலாமின் அக்கா ஜொகரா நகையை அடகு வைத்தார். அங்கே தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை கலாமுக்கும் சக மாணவர்களுக்கும் வந்தது. பார்வையிட்ட இயக்குநர் சீனிவாசனுக்குத் திருப்தியில்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வரைபலகையோடு கிடந்தார். ஞாயிறு காலை, டென்னிஸ் ஆடிவிட்டு வந்த கோலத்தில் இயக்குநரே அறைக்கு வந்து நின்றார். ஒரு மாணவன் எந்தக் கோட்டில் தடுமாறுகிறான் என்று இயக்குநருக்கே தெரிகிற இடம்! சின்னக் கல்லூரியால் கொடுக்க முடிந்த பெரிய செல்வம் இதுதான். இது இல்லாத சின்னக் கல்லூரி வெறும் சின்னக் கல்லூரி. அங்கிருந்து கலாம் நேரே வந்தது பெங்களூரு ஹெச்.ஏ.எல்.லுக்கு, இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் பயிற்சிக்கு.

ஏரோஸ்பேஸ் என்ற பெயர் பட்டத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல், பிறகு திருச்சி ஆர்.இ.சி., கடைசியில் சென்னை ஐ.ஐ.டி. என ஏறியவர். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியின் முன்னாள் மாணவி. இஸ்ரோவின் ஆளெடுப்பு அறிவிப்புகளும் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களைத்தான் கேட்கின்றன. கேட் எழுதி முதுநிலைக்கு நல்ல இடம் பிடித்துவிட்டால், இளநிலை எங்கே படித்தாய் என்ற கேள்வியின் சூடு தணிந்துவிடும். ஆனால் அந்தத் தேர்வுக்கு வேண்டிய கணக்கும் பாய்ம இயக்கவியலும் முதல் நான்கு வருடத்தில் உள்ளே இறங்கியிருக்க வேண்டுமே!

அதனால் கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் ட்ரோன் பறப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள் (ட்ரோன் இப்போது கல்யாண மண்டபத்திலும் பறக்கிறது). அவர்கள் அழைக்கும் நாளில் வேண்டாம், சாதாரண வேலைநாளில் போங்கள். விமான மாதிரிகளைக் காற்றோட்டத்தில் சோதிக்கும் விண்ட் டனலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'ஆபரேட்டர் லீவு' என்றால் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரோடைனமிக்ஸ் எடுக்கும் ஆசிரியர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பிறகு கேன்டீனில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவனைப் பிடித்து, ஜெட் இன்ஜினைக் கையால் பிரித்திருக்கிறாயா, தள்ளி நின்று பார்த்ததோடு சரியா என்று கேளுங்கள். முதல்வர் அறையில் கிடைக்காத பதில் அவனிடம் கிடைக்கும்.